முதுகு ஒரு பக்கமாக வளைவது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த டெய்லர், வலது தோள் தூக்கலாக இருப்பதாகச் சொன்னார். முதுகும் ஒரு பக்கமாக வளைந்த மாதிரி தெரிகிறது. வலி இல்லை. கனமான புத்தகப்பையை ஒரே தோளில் மாட்டுவதுதான் காரணமா?
– வாசகி, கரூர்

பதில்: பை காரணமில்லை. கனமான பை முதுகுவலி தரும். முள்ளெலும்புகளை நிரந்தரமாக வளைத்துவிடாது. கூன் போட்டு உட்காருவது, ஒருக்களித்துப் படுப்பது போன்றவற்றாலும் இது வருவதில்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள்.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். முதுகு தெரியும்படி நிற்கவைத்து, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு மெல்லக் குனியச் சொல்லுங்கள். முதுகு தரைக்குச் சமமாக வரும்போது பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கத்து விலா மேடிட்டு நின்றால், முள்ளெலும்புகள் சாய்ந்ததோடு திருகியும் இருக்கின்றன என்று அர்த்தம். நின்றபடி முழு முதுகுக்கும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். அதில் வளைவின் கோணம் 10 டிகிரியாவது இருந்தால்தான் அது ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் கோளாறு. மேடே இல்லாமல், உட்கார்ந்ததும் வளைவு மறைந்தால், ஒரு கால் சற்றுக் குட்டையா என்று அளந்து பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வரும் இந்த வளைவில் பத்தில் எட்டுக்குக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடுவதால் மரபணுவுக்குப் பங்குண்டு என்பது மட்டும் உறுதி. ஆனால் மற்ற காரணங்களைப் பார்த்து ஒதுக்கிய பிறகே ‘காரணம் தெரியாத வகை’ என்ற முடிவுக்கு வரவேண்டும். தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் பல இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) என்று சந்தேகம் வரும். கை கால் விரல்கள் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் மார்ஃபான் (உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபணு நோய்) என்று சந்தேகம் வரும். தொப்புளைச் சுற்றி நான்கு இடங்களில் மருத்துவர் தோல்மேல் லேசாகக் கோடிழுத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் வயிற்றுத் தசை சுருங்காவிட்டால் தண்டுவடத்துக்குள் நீர் கோத்திருக்கலாம். நெஞ்சுப் பகுதி வளைவு வழக்கமாக வலப்பக்கம்தான் புடைக்கும். இடப்பக்கம் புடைத்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது.

உங்கள் மகள் இன்னும் பூப்பெய்தவில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வேகமாக உயரம் கூடும் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். பெரிதாகப் போவதும் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி அணியும் தாங்கு பட்டை. அது வளைவை நிமிர்த்தாது, கூடாமல் பிடித்து நிறுத்தும். 2013-ல் வெளியான அமெரிக்க-கனடா ஆய்வில், தினம் சராசரியாக 13 மணி நேரம் அல்லது அதற்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு அறுவைசிகிச்சை வரை போகவில்லை. பள்ளியில் கூச்சப்பட்டுக் கழற்றி வைக்கும் பிள்ளைகளுக்குத்தான் பலன் குறைகிறது. இந்த வேலையை எண்ணெய்த் தேய்ப்பு செய்யாது.

கேள்வி: மகனுக்கு 4 வயது. முதுகெலும்பில் ஒன்று பாதிதான் உருவாகியிருக்கிறது என்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது நான் வேலைக்குப் போனதாலா?
– வாசகி, தேனி

பதில்: இல்லை. முள்ளெலும்புகள் கருவில் முதல் ஆறேழு வாரங்களிலேயே உருவெடுத்துவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் நேரத்திலேயே அது நடந்துகொண்டிருக்கும். பாதி எலும்பு ஆப்பு போல ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து முதுகைச் சாய்க்கிறது. அதே வாரங்களில் சிறுநீரகமும் இதயமும் உருவாவதால், வயிற்று ஸ்கேனும் எக்கோவும் (இதய ஸ்கேன்) கட்டாயம் எடுங்கள். ஒரே சிறுநீரகத்தோடு பிறந்தது பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் தெரியவருகிறது. இவ்வகை வளைவுக்கு பிரேஸ் பெரும்பாலும் பயன்படாது. ஆறு மாதத்துக்கொரு முறை எக்ஸ்-ரேயில் கோணத்தை ஒப்பிட்டு, கூடிக்கொண்டே போனால் சின்ன வயதிலேயே அந்தப் பாதி எலும்பை எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: 14 வயது மகன் ராத்திரி முதுகுவலியால் எழுந்துவிடுகிறான். ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான். இதுவும் அதுதானா?
– வாசகர், கடலூர்

பதில்: காரணம் தெரியாத வகை, தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு வலிக்காது. எலும்பில் சிறு கட்டியோ காசநோய் போன்ற தொற்றோ இருந்தால், தசை இறுகி உடம்பு சாயும். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள்.