பேர்ளில் பெயர் மோதல்: கேளுங்கள், சொல்கிறேன்

செங்கலடி: அரிசி ஆலைக் கணக்குக்கு பேர்ள் என்ற நிரல் மொழியில் ஒரு கிளாஸ் எழுதுகிறேன் அண்ணன். நாள் கணக்கை முடிக்க குளோஸ் என்று மெதட் (கிளாஸுக்குள் இருக்கும் செயல்) வைத்தேன். பேர்ளிலேயே ஃபைலை மூடும் குளோஸ் இருக்கிறதே, மோதாதா?

பதில்: ஒப்ஜெக்ட்டில் அம்புக்குறி (->) போட்டுக் கூப்பிட்டால் மோதாது தம்பி. அம்புக்குறிக்குப் பின்னால் வரும் பெயரை பேர்ள் கிளாஸுக்குள்ளும் அதன் தாய் கிளாஸ்களிலும்தான் தேடும். வில்லங்கம், அதே பக்கேஜுக்குள் (கிளாஸின் கோட் இருக்கும் இடம்) வெறுமனே குளோஸ் என்று எழுதும்போதுதான்: ஓடுவது பேர்ளின் குளோஸ், உங்களுடையது இல்லை. எச்சரிக்கை கேட்கும் யூஸ் வார்னிங்ஸ் வரியைப் போட்டு, சப்பும் (உங்கள் குளோஸை எழுதிய பகுதி) அதற்கு மேலே இருந்தால் 'அம்பிகியுவஸ் கோல்' என்று எச்சரிக்கும். சப் கீழே இருந்தால் அதுவும் வராது. உண்மையான ஃபைலை மூடுவதென்றால் முன்னால் கோர், இரட்டைக் கோலன் போட்டு எழுதிவிடுங்கள், மறுகா வாசிப்பவருக்கும் குழப்பமில்லை.

ஒலுவில்: நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் பேர்ளின் ஸ்லீப்பையே மாற்றலாமா?

பதில்: வேறு பக்கேஜிலிருந்து இம்போர்ட் ஆகி வந்தால் மாறும். டைம் ஹைரெஸ் மொடியூல் அப்படித்தான் அரை நொடி ஸ்லீப் தருகிறது. பிரிண்ட்டை மாற்ற முடியாது. நிரல் முழுவதற்கும் மாற்றும் கோர் குளோபலில் கை வைத்தால் அடுத்தவன் மொடியூலும் சேர்ந்து மாறும், வேண்டாம்.

சம்மாந்துறை: டிலீட் என்று மெதட் வைத்தால்?

பதில்: முதல் பதில். அம்புக்குறி.

காத்தான்குடி: பெயரைத் தமிழிலேயே வைத்தால் மோதலே வராதே சேர்?

பதில்: இது நல்ல கேள்வி! கோடில் தமிழ் எழுத்தை ஏற்கச் சொல்லும் யூஸ் யூடிஎஃப்8 போட்டால் 'மூடு' என்று சப் எழுதலாம், பேர்ள் ஏற்கும். ஆனால் 'கொள்முதல்' என்று வைத்துப் பாருங்கள். அந்தக் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, அரவு என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, பேர்ளுக்கு இரண்டு பெயர். அது தானாக ஒன்றாக்காது, மெதட் இல்லை என்று நின்றுவிடும்.

காத்தான்குடி: நான் ஒரே கீபோர்டில்தானே அடிக்கிறேன்?

பதில்: நீங்கள் அடிப்பீர்கள், மற்றவர் வேறெங்கோ கொப்பி பண்ணி ஒட்டுவார்.

வாழைச்சேனை: தமிழ் தெரியாதவர் அந்தக் கோடை எப்படித் திருத்துவார்?

பதில்: ஆலைக்கணக்கைத் திருத்த வருபவர் நம்மூர்க்காரர்தானே? வெளியே கொடுக்கும் மொடியூல் என்றால் நீங்கள் சொல்வது சரி, உள்ளூர்க் கணக்குக்குத் தமிழ்ப்பெயரே மேல். ஃபைல் முழுவதையும் என்எஃப்சி வடிவில் (இரண்டாக உள்ளதை ஒரே குறியீடாக்கும் யூனிகோட் வடிவம்) சேமித்தால் 'கொ' சிக்கலும் போய்விடும்.

அக்கரைப்பற்று: ஓபன் என்று மெதட் வைக்கலாமா?

பதில்: அம்புக்குறி தம்பி, அம்புக்குறி. மேலே வாசியுங்கள்.