வாசகர் கேள்வி – பதில்: பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் யூஃபோனியம், ட்ராம்போன், டியூபா

தேவாலய பேண்டில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். என்னிடம் ஸ்ட்ரெய்ட் மியூட் (கருவியின் வாய்க்குள் செருகும் ஒருவகை அடைப்பான்) இருக்கிறது. வீட்டுப் பயிற்சிக்கு அது போதுமா, பிராக்டீஸ் மியூட் தனியாக வாங்க வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

ஸ்ட்ரெய்ட் மியூட் போதாது. அதன் கழுத்தைப் பாருங்கள்: மூன்று தக்கைப் பட்டைகள், நடுநடுவே இடைவெளி. அந்த இடைவெளிகளில் ஒலி தாராளமாக வெளியேறும். குரலின் நிறத்தை மாற்றத்தான் அது செய்யப்பட்டது, அடக்குவதற்கு அல்ல. பிராக்டீஸ் மியூட்டில் தக்கையோ நுரை ரப்பரோ முழு வளையமாகச் சுற்றியிருக்கும். பெல் (கருவியின் விரிந்த முனை) அடைபட்டுவிடும், காற்று ஒன்றிரண்டு சிறு துளைகள் வழியாக மட்டுமே போகும். துளை சிறிதாக இருந்தால் சத்தம் குறையும், ஆனால் ஊதும்போது எதிர்த்தள்ளல் கூடும். எல்லா பிராக்டீஸ் மியூட்டும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நிற்பதுதான்.

டெனிஸ் விக், நியூசிலாந்துக்காரர் பிரெம்னரின் 'ஷ்ஷ்மியூட்', ஜப்பானின் பெஸ்ட் பிராஸ், யமஹாவின் 'சைலன்ட் பிராஸ்' ஆகியவை நன்கு தெரிந்த பெயர்கள். பெயரைவிடப் பொருத்தம் முக்கியம். யூஃபோனியம் பெல்லின் வாய் 11 அங்குலமா 12 அங்குலமா என்று அளந்துகொண்டு இணையத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. மியூட் உட்காரும் இடம் வாய் அல்ல, உள்ளே குறுகும் வளைவு. உங்கள் கருவி உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் செய்ததாக இருந்தால், அந்த வளைவு யமஹாவையோ பெஸனையோ ஒத்திருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். கருவியைக் கடைக்குத் தூக்கிப் போய், போட்டுப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

போடும் முறை: பெல்லின் உள்வளைவில் வாயால் 'ஹா' என்று ஊதுங்கள், லேசாகப் பனி படரும். மியூட்டை வைத்துக் கால் சுற்று திருகி அழுத்துங்கள். ஈரம் பட்ட தக்கை பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போதும் திருகித்தான் எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் தக்கை பிய்யும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, போடும்போதே தக்கைக்கும் பெல்லுக்கும் நடுவே விரலகலக் காகிதத் துண்டு ஒன்றைச் சொருகி இழுங்கள். நாலு பக்கமும் இப்படிச் செய்தால் எந்தப் பக்கம் சுலபமாக உருவிக்கொண்டு வருகிறதோ, அங்கேதான் கசிவு. மற்ற பக்கங்களில் தக்கை மேடாக இருக்கிறது என்று அர்த்தம். 220 எண் உப்புத்தாளால் அந்த மேட்டை இரண்டு தேய், ஒரு சோதனை என்ற கணக்கில் குறையுங்கள். அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டால் புதுத் தக்கைதான் ஒட்ட வேண்டும்.

மியூட் போட்டதும் சுருதி ஏறுகிறது. ட்ராம்போனில் கீழே போகப் போக ஸ்வரம் பேசவே மாட்டேன் என்கிறது. மியூட் பழுதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் பழுதல்ல. இரண்டு தொல்லைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சுருதி ஏற்றத்தைச் சரிசெய்ய ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் வளைகுழாயை) இழுங்கள். பி ஃப்ளாட் ட்ராம்போனின் குழாய் நீளம் சுமார் 2.7 மீட்டர். ஸ்லைடை 1 செ.மீ. இழுத்தால் குழாய் இருபுறமும் சேர்த்து 2 செ.மீ. நீளும்; சுருதி ஏறத்தாழ 13 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். யூஃபோனியத்துக்கும் இதே கணக்குதான். இரு மடங்கு நீளமுள்ள பி ஃப்ளாட் டியூபாவில் அதே 1 செ.மீ.க்கு 6 சென்ட்தான் கிடைக்கும், ஆகவே அதில் நிறைய இழுக்க வேண்டியிருக்கும். மியூட்டுக்கான இடத்தை ஸ்லைடில் பென்சிலால் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் பேண்டில் உட்காரும்போது இழுத்த ஸ்லைடை உள்ளே தள்ள மறந்து, எல்லோரையும்விடக் கீழே வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

மந்தர ஸ்தாயி சிக்கல் இன்னும் ஆழமானது. மியூட்டின் உள்ளறையும் அதன் சிறு துளையும் சேர்ந்து காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதுபோலத் தனக்கென ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். கருவியின் முதல் இரண்டு இயல்பான அதிர்வுகளுக்கு நடுவே அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ட்ராம்போனின் மிகக் கீழான அடிப்படை ஸ்வரமான பெடல் பி ஃப்ளாட்டின் அதிர்வெண் 58 ஹெர்ட்ஸ். பக்கத்திலேயே வேறொரு அதிர்வு இழுத்தால் உதடு எதைப் பிடிப்பது? ஸ்வரம் நடுங்கும், மேலே தாவும், சில சமயம் வராமலே போகும். பாரிஸில் இருக்கும் இசை, ஒலி ஆய்வு மையமான இர்காமின் ஆய்வாளர்கள் ட்ராம்போனின் ஸ்ட்ரெய்ட் மியூட்டுக்குள் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து, இந்த வேண்டாத அதிர்வை அந்த ஒலிபெருக்கியின் ஒலியாலேயே அடக்கிப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் நமக்கு அந்த வசதி கிடையாது. தாடையை இறக்கி, காற்றை மெதுவாகவும் நிறையவும் விட்டால் ஓரளவு வரும். வராத ஸ்வரத்தோடு மல்லுக்கட்டி உதட்டை இறுக்காதீர்கள். பெடல் ஸ்வரங்களை மியூட் இல்லாத நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு: நேற்றுவரை பேசிய ஸ்வரம் இன்று திடீரென்று பேசாவிட்டால் துளையில் தண்ணீர் அடைத்திருக்கும். மியூட்டைக் கழற்றிக் கவிழ்த்து உதறுங்கள்.

மகன் பள்ளி பேண்டில் டியூபா வாசிக்கிறான். அடுக்குமாடி வீட்டில் மியூட் போட்டுத்தான் பழகுகிறான். பக்கத்து வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் கீழ் வீட்டுக்காரர் குறை சொல்கிறார். ஏன்?
– வாசகி, சிங்கப்பூர்

முதலில் அவன் காலைப் பாருங்கள். தாளத்துக்குக் காலைத் தட்டுகிறானா? கீழ் வீட்டுக்காரர் கேட்பது டியூபாவை அல்ல, 'டொக் டொக்' என்று கான்கிரீட் தளத்தில் இறங்கும் அந்தத் தட்டலை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். நாற்காலிக்கும் டியூபா ஸ்டாண்டுக்கும் அடியில் யோகா பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள். கருவி தரையைத் தொடவே கூடாது.

அடுத்தது உட்காரும் இடம். அறை மூலை கீழ் ஸ்தாயியைப் பெருக்கும். மூலையை விட்டு, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி உட்காரட்டும். சுவரில் மெத்தை சாத்துவது, திரை போடுவது எல்லாம் மேல் ஸ்தாயிக்குத்தான் உதவும். 58 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர். நாலு அங்குல மெத்தை அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

டியூபாவுக்குச் சரியான பிராக்டீஸ் மியூட் பெரியது, விலையும் அதிகம். பெல் மேல்நோக்கி இருப்பதால் மியூட் விழாது என்பது ஒன்றுதான் வசதி. மகன் இப்போது போடுவது அதுவல்ல என்றாலும், பள்ளி மாணவனுக்கு அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டோம். பாட்டைப் பாடிக்கொண்டே வால்வுகளை அழுத்துவது, உதட்டை அதிரவிடாமல் வெறும் காற்றை ஊதியபடி விரல் பழகுவது, மௌத்பீஸை மட்டும் வைத்துச் சுருதி பிடிப்பது – இந்த மூன்றையும் இருபது நிமிடம் செய்தாலே வீட்டுப்பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

பெல்லுக்குள் துண்டைச் சுருட்டி வைத்தால் என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

சத்தம் கொஞ்சம் குறையும், சுருதி கண்டபடி அலையும். துண்டு உள்ளே நழுவிப் போனால் எடுப்பதும் பாடு. செலவில்லாமல் வேண்டுமென்றால் ட்ராம்போனுக்கு ஒரு லிட்டர் பெட் பாட்டில் போதும். மூடியைக் கழற்றி, கழுத்து உள்ளே போகும்படி பெல்லில் வையுங்கள். பாட்டில் உடம்பில் பெல் நெருங்கும் இடத்தில், ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரையை வளையமாக ஒட்டுங்கள். வெளியே தெரியும் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை. ஊதிப் பாருங்கள், மூச்சு முட்டினால் 3.5, 4 என்று அரை மில்லிமீட்டராக ஏற்றுங்கள். நடு ஸ்தாயி பி ஃப்ளாட் தடையின்றி வந்ததும் நிறுத்திவிடுங்கள். பெல்லில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரக்குப் பூச்சு உரிந்துவிடும்.

யமஹா சைலன்ட் பிராஸுக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?
– வாசகர், சென்னை

மியூட்டுக்குள் மைக் வைத்து, ஹெட்ஃபோனில் திறந்த பெல் போல ஒலிக்கச் செய்கிறது. மற்ற மியூட்டுகளில் காதில் விழும் தகர டப்பா ஒலி இதில் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் மியூட்டோடுதான் வாசிக்க முடியும் என்றால் கொடுக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் என்றால் வேண்டாம்.

மூன்று மாதமாக மியூட்டில் மட்டுமே பழகினேன். இப்போது திறந்து வாசித்தால் குரல் சிறுத்துவிட்டது, ஸ்வரத் தொடக்கம் மட்டும் வெடிக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

எதிர்த்தள்ளலில் ஊதிப் பழகிய உடம்பு தடை இல்லாத இடத்திலும் தள்ளுகிறது, அதனால் வெடிப்பு. மியூட்டில் நீங்கள் விட்ட காற்று குறைவு, அதனால் குரல் சிறுப்பு. இரண்டு வாரம் மியூட்டைத் தொடாதீர்கள். நிசப்த நேரத்துக்கு முன்பே, மாலையில் பதினைந்து நிமிடம் திறந்த பெல்லில் நீள ஸ்வரங்கள். ஒவ்வொன்றும் எட்டு எண்ணிக்கை, நாக்கைத் தொடாமல் காற்றால் தொடங்குங்கள். பிறகு மியூட்டுக்குத் திரும்பினாலும் ஒரே மூச்சில் இருபது நிமிடத்தைத் தாண்டாதீர்கள். விரல், ஸ்லைடு, ஸ்லர் (ஸ்வரங்களை இடைவெட்டாமல் இணைத்து வாசிப்பது) பயிற்சிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடமாவது மியூட்டைக் கழற்றி மெல்ல வாசித்து முடியுங்கள்.