மட்டக்களப்பில் வாவிக்கரை வீதியோரம் ஜப்பானியச் செர்ரி மரம் பூக்குமா?

பூக்காது. கன்று கொஞ்சக் காலம் உயிரோடு நிற்கும், அவ்வளவுதான். படங்களில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சொமெய் யொஷினோ வகையாக இருக்கும். அதன் மொட்டு கோடையிலேயே உருவாகி உறங்கிவிடும். 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல நூறு மணித்தியாலம் குளிர் பட்டால்தான் விழிக்கும். ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற குளிர் வாரக்கணக்கில் வேண்டும். நமக்கு மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவில் குளிர் இருக்கிறதே என்று வாதாட வேண்டாம். அது 1,868 மீற்றர் உயரம், நாம் கடல் மட்டம். 1912இல் டோக்கியோ கொடுத்த 3,020 செர்ரிக் கன்றுகள் போய்ச் சேர்ந்த வாஷிங்டனிலும் நல்ல பனிக்காலம் உண்டு. சக்குறா என்பது இந்தச் செர்ரியின் ஜப்பானியப் பெயர். இணையத்தில் விற்கிற 'சக்குறா விதை'க்குத் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். யொஷினோவை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குவார்கள், விதையில் அதே மரம் வராது.

இளஞ்சிவப்புத்தான் வேண்டுமென்றால் ரொபரோசியா வையுங்கள். வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரம்தானே என்பவர்கள் கொன்றை வைக்கலாம். நடுகிற முறை ஒன்றுதான்.

ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். கார்த்திகைக்குப் பிந்தினால் கிடங்கில் வெள்ளம் தேங்கி வேர் அழுகும். கிடங்கின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மழை விட்டால் நம்முடைய மணலில் தண்ணி நிற்காது. அதனால் தோண்டிய மண் இரண்டு பங்குக்கு வயல் களி ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலக்க வேண்டும். பொலித்தீன் பையைக் கிழித்ததும் அடிவேரைப் பாருங்கள். சுருண்டு கிடந்தால் சுருளை வெட்டிவிடுங்கள். வெட்டாமல் நட்ட மரம் வளர வளரத் தன் வேராலேயே தன்னை நெரிக்கும், பெருங்காற்றில் அடியோடு சாயும். 1978 சூறாவளி அடித்த ஊர் இது, இதில் அசட்டை கூடாது.

மரத்துக்கு மரம் 25 அடி. மின்கம்பிக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். ஊன்றுகோலில் தும்புக்கயிற்றை எட்டுப்போலத் தளர்வாகக் கட்டுங்கள், கம்பி பட்டையை அறுத்துவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வாரம் இரண்டு தரம் 20 லீற்றர், முதல் இரண்டு வருடமும். பக்கத்தில் இருக்கிறதே என்று வாவித் தண்ணியை அள்ளி ஊற்றாதீர்கள். உவர் ஏறினால் இலை விளிம்பு கருகும். மாடு கடிக்காமல் கன்றைச் சுற்றி 5 அடி உயரக் கூடு கட்டாயம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நடைபாதை அழகாக்குகிறோம் என்று தண்டு முட்டச் சீமெந்து பூசுகிறார்கள். மழைத் தண்ணியும் காற்றும் வேருக்குப் போக வழியில்லாமல் போகிறது. நல்ல மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருவதைப் பார்க்க வயிறெரிகிறது. தண்டைச் சுற்றி 3 அடியாவது வெறும் மண்ணாக விடச் சொல்லி, வேலை தொடங்குமுன்பே கேளுங்கள்.