மொட்டைத் தலையும் ஜமைக்கா இசையும்

வணக்கம்.

இங்கிலாந்தின் இளைஞர் குழுக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்கின்ஹெட்கள் எனப்படும் ஒட்ட வெட்டிய தலைக்காரர்களை, ஜமைக்காவின் ரெகே இசைக்கு ரசிகர்கள் என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் அறிந்தவரை அவர்கள் இனவெறியர்கள், ஆசியர்களைத் தெருவில் விரட்டி அடித்தவர்கள். கறுப்பர்களின் இசைக்கு அவர்கள் எப்படி ஆடியிருக்க முடியும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். லீட்ஸில் படிக்கும் என் மகன் டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் போட்டு, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். நான் கவலைப்பட வேண்டுமா?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

ஆடவும் ஆடினார்கள், அடிக்கவும் அடித்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் உண்டு என்பதுதான் இதில் சங்கடமான விஷயம்.

1964இல் பிரைட்டன், மார்கேட் கடற்கரைகளில் ராக்கர்கள் என்ற மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு மோதிப் பத்திரிகைகளில் அடிபட்ட மாட்கள் என்ற இளைஞர் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல சூட், ஸ்கூட்டர், அமெரிக்க ஸோல் இசை, கூடவே ரெகேவுக்கு முன்னோடியான ஜமைக்காவின் ஸ்கா. அறுபதுகளின் பின்பாதியில் அந்தக் கூட்டம் பிரிந்தது. ஒரு பகுதி முடி வளர்த்து ஹிப்பிகள் பக்கம் போனது. தொழிலாளர் குடியிருப்புப் பையன்கள் நேர் எதிராக முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆலைத் தொழிலாளியின் பூட்ஸையும் தோளில் மாட்டும் பிரேசஸையும் அணிந்தார்கள். 1948இல் விண்ட்ரஷ் கப்பல் வந்ததிலிருந்து கரீபியக் குடும்பங்கள் குடியேறிய தெருக்கள் இவர்களுடைய தெருக்களுக்குப் பக்கத்தில்தான். பள்ளியில் அடுத்த பெஞ்சில் ஜமைக்காப் பையன் இருந்தான். அவன் உடை, அவன் ஆட்டம், அவன் வீட்டு ரெக்கார்டு எல்லாம் இவனுக்கும் தொற்றிக்கொண்டது.

1969 இதன் உச்சம். அந்த ஆண்டு ஜமைக்காப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் ‘இஸ்ரலைட்ஸ்’ பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முந்தைய ஆண்டு தொடங்கிய ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஜமைக்கா இசையை மலிவு விலைத் தொகுப்புகளாகப் போட்டு, இந்தப் பையன்களிடம் தாராளமாக விற்றது. ஸிமாரிப் என்ற குழு ஸ்கின்ஹெட்களுக்கென்றே பாட்டுகள் போட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் கறுப்பர்கள்.

சரி, அதே காலத்தில் கிழக்கு லண்டனில் என்ன நடந்தது? 1970இல் பாகிஸ்தானியர்களைத் தேடிப்பிடித்து அடிப்பதற்குத் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். அடி வாங்கியவர்களில் இன்று நாம் வங்கதேசத்தவர் என்று சொல்லும் மக்களும் இந்தியர்களும் உண்டு, அடித்தவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இதில் குரூரமான வேடிக்கை, ட்ரோஜனை நடத்திய லீ கோப்தல் இந்திய வம்சாவளி ஜமைக்காக்காரர். ரெக்கார்டின் மேல் அச்சிட்டிருந்த நிறுவனத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்!

பழைய ஸ்கின்ஹெட்கள் சிலர் இன்றும் ஒன்று சொல்வார்கள்: 1969 சுத்தமான காலம், பின்னால் அரசியல்தான் வந்து கெடுத்தது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடியேறிகளை எதிர்த்த நேஷனல் ஃபிரண்ட் கட்சி அவர்களைப் பெருமளவில் வளைத்துப்போட்டது எழுபதுகளின் கடைசியில். தெருவில் அடிதடி அதற்கு வெகுமுன்பே இருந்தது. கரீபியப் பையனுக்குக் கிடைத்த சலுகை கூடப் படித்தவன், கூட ஆடியவன் என்பதால் கிடைத்தது. வேறு மொழி பேசி, பப் பக்கம் வராமல் ஒதுங்கி வாழ்ந்த ஆசியனுக்கு அது நீளவில்லை. ஒருவருடைய பாட்டு பிடித்திருப்பதும் அவரை மதிப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் ரெகேவும் மாறியது. ஜமைக்காக் கறுப்பர்களின் ராஸ்தஃபாரி சமய நம்பிக்கையும் ஆப்பிரிக்காவும் பாட்டுக்குள் வந்தபோது வெள்ளைப் பையனுக்கு அதில் இடமில்லாமல் போனது. அவனும் முடி வளர்த்து வேறு பக்கம் போனான். எழுபதுகளில் பங்க் என்ற வேகமான ராக் இசை வந்த பிறகு எழுந்த இரண்டாம் அலை ஸ்கின்ஹெட்கள்தான் நீங்கள் மனதில் வைத்திருப்பவர்கள். அவர்களில் பலர் கேட்டது ஓய் என்ற முரட்டு பங்க். 1981 ஜூலை 3 அன்று, ஆசியர்கள் நிறைந்த மேற்கு லண்டனின் சவுத்தாலில், ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற பப்பில் ஓய் கச்சேரி வைத்தார்கள். கிழக்கு லண்டனிலிருந்து பஸ் பஸ்ஸாக ஸ்கின்ஹெட்கள் வந்து இறங்கினார்கள். கடைகளும் ஆட்களும் தாக்கப்பட்டதும் சவுத்தால் இளைஞர்கள் திரண்டுவிட்டார்கள். அன்றிரவு அந்த பப் எரிந்தது.

அதே மாதம் நாட்டில் முதலிடத்தில் இருந்த பாட்டு ஸ்பெஷல்ஸ் குழுவின் ‘கோஸ்ட் டவுன்’. இவர்கள் கோவெண்ட்ரிக்காரர்கள். கார் ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர். அங்கே அந்தக் குழுவின் ஜெரி டாமர்ஸ் 1979இல் தொடங்கிய டூ டோன் என்ற ரெக்கார்டு நிறுவனம் பழைய ஸ்காவைப் பங்க் வேகத்தில் மீட்டெடுத்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். மகிழ்ச்சியான கதைதான், ஆனால் அந்தக் கச்சேரிகளிலேயே கீழே நின்று நாஜி சல்யூட் அடித்தவர்களும் இருந்தார்கள்! கண்ணெதிரே ஜமைக்காவில் பிறந்த ஸ்பெஷல்ஸ் பாடகர் நெவில் ஸ்டேபிள் பாடிக்கொண்டிருக்கிறார், இவர்கள் கையைத் தூக்குகிறார்கள். இசை தானாக யாரையும் திருத்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஸ்பெஷல்ஸை நான் மதிப்பது பாட்டுக்காக மட்டுமல்ல. கூட்டத்தில் அடிதடி வந்தால் பாட்டை நிறுத்தினார்கள். 1981 ஏப்ரலில் கோவெண்ட்ரி நகரின் நடுவில் ஒரு சீக்கிய மாணவர் குத்திக் கொல்லப்பட்டபோது, அவர்கள் தங்கள் ஊரிலேயே இனவெறிக்கு எதிராகக் கச்சேரி நடத்தினார்கள்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த பூட்ஸ் 1960 ஏப்ரல் 1 அன்று நார்தாம்ப்டன்ஷயரில் உழைப்பாளிகளுக்காகச் செய்யப்பட்டது. தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போட்டார்கள், பிறகு ஸ்கின்ஹெட்கள், பங்க் ரசிகர்கள், இப்போது கல்லூரி மாணவிகள்வரை எல்லாரும். அதை வைத்து யாருடைய அரசியலையும் கண்டுபிடிக்க முடியாது. கவலை வேண்டாம். அவன் என்ன கேட்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள், ஸ்பெஷல்ஸின் முதல் ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பூட்ஸின் விலையை மட்டும் கேட்காதீர்கள், அது தொழிலாளி வாங்குகிற விலையில் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது.