பழைய காரின் சன்ரூஃப் ஒழுகினால் சிலிக்கோன் பூசி மூடிவிடலாமா?

தலவாக்கலையில் இருக்கிறீர்கள், கார் இருபது வருஷத்துக்கு மேல் பழையது, மழை பெய்தால் கூரையில் திறந்து மூடுகிற சன்ரூஃப் கண்ணாடியின் ஓரமாகத் தண்ணீர் முன் சீட்டில் சொட்டுகிறது, கராஜில் சிலிக்கோன் பூசி நிரந்தரமாக மூடச் சொல்கிறார்கள், மூடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து மூடாதீர்கள். நான் மூடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் ஹட்டன் பக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் என் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது, டிக்கோயாவில் ஒரு சவுக்கு மரத்தடியில் நாலு வருஷமாக அசையாமல் நின்ற 1996 ஜப்பான் கார். எஞ்சின் நல்லது. சன்ரூஃப்தான் ஒழுகியது. கராஜ் பாஸ் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ரப்பர் செத்துப்போச்சு, சுத்தி ஒட்டிட்டா வேலை முடிஞ்சிச்சு" என்றார். அவரும் நல்ல மனசோடுதான் சொன்னார். ஒட்டினோம். ஒன்றரை மாதம் தாங்கியது. நம் தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போகிற காரின் கூரை லேசாக முறுக்கிக்கொள்ளும், சிலிக்கோன் ஒரு ஓரத்தில் விட்டுப்போகும், அந்த மயிரிழை இடைவெளி போதும். ஜூன் மாத அடைமழையில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து காலை வைத்தால் கார்பெட் சளக் என்றது.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்குச் செய்ததே இல்லை. புதுக் காரிலும் கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே இறங்கும். இறங்குகிற தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிவர ஒரு வாய்க்கால் இருக்கிறது. லயத்துக் கூரை ஓரத்தில் பீலி போட்டிருப்போமே, அதே வேலைதான். பெரும்பாலான கார்களில் அந்தப் பீலியின் நாலு மூலையிலும் நாலு வடிகுழாய்கள் உண்டு. முன்னால் இரண்டும் முன்கண்ணாடி ஓரத்துத் தூண்களுக்குள் இறங்கிக் கதவுக் கீல் பக்கமாகவோ மட்கார்டுக்குள்ளோ வெளியே வரும், பின்னால் இரண்டும் பின்சக்கரத்தின் பக்கமாக வெளியே வரும். பீலியில் இலை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டில் சுவரில் வழியும், காரில் உங்கள் சீட்டில் சொட்டும். ஆகவே பத்துக்கு எட்டு ஒழுகல், ரப்பரைவிட இந்தக் குழாய் அடைப்பால் வருவதுதான் என்பது என் கணிப்பு.

சோதிப்பது சுலபம். சன்ரூஃபை முழுதாகத் திறந்து, ஒரு டீ கோப்பைத் தண்ணீரை, 200 மில்லி அளவு, முன் மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஒருவர் குனிந்து பார்க்கட்டும். சில நொடியில் தரையில் கொட்டினால் அந்தக் குழாய் நல்லது. மூலையிலேயே தேங்கி நின்றால் அடைப்பு. தண்ணீர் மூலையைவிட்டுப் போகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் குழாய் நடுவில் கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. அப்போது தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் காரில் ஓரத்து ஏர்பேக் இருந்தால் முதலில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அந்த மூடியில் கை வையுங்கள்.

இன்னொன்று, மலைநாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. நாம் காரைச் சமதரையில் நிறுத்துவதே குறைவு. இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் பீலியில் விழுகிற தண்ணீர் முழுவதும் முன் மூலைகளுக்கே போகும், பின் குழாய்கள் சும்மா இருக்கும். என் வீட்டு வாசலில் கார் இறக்கம் பார்த்து, இடது பக்கமும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், அதனால் ராத்திரி முழுக்கப் பெய்த மழை எல்லாம் ஒரே ஒரு குழாயை நம்பி இருந்தது. அதுதான் அடைத்திருந்தது. காரைத் திருப்பி ஏற்றம் பார்த்து நிறுத்திய அன்று சொட்டுகூட இல்லை, அப்போதுதான் எனக்கு வெளிச்சமானது.

அடைப்பு எடுக்கக் கம்பி போடவே வேண்டாம், பழைய குழாயைக் குத்திக் கிழித்துவிடும். கொம்ப்ரசர் காற்றையும் பலமாக அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டி வரும். மீன் பிடிக்கிற தங்கூசி மெல்லியது, வளைவில் சுருண்டு நின்றுவிடும். எனக்குச் சரியாக வந்தது புல்வெட்டும் மெஷினுக்குப் போடுகிற நைலோன் நரம்பு, 2 மில்லிமீட்டர் சொச்சம் தடிப்பு. நுனியை லைட்டரில் காட்டி உருண்டையாக்கிவிட்டு, அவசரப்படாமல், சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். கடைசி வளைவில் எனக்குப் பத்து நிமிஷம் நின்றது. குழாயின் வெளிவாயில் வாத்து மூக்கு மாதிரி பிளந்த ஒரு ரப்பர் இருக்கும், அதை விரலால் நசுக்கினேன், கறுப்புச் சேறு ஒரு திரியாக வந்து விழுந்தது, அதற்குள் சவுக்கு இலைத் துணுக்குகளும் ஒரு விட்டில் சிறகும். பின்னாலேயே தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குழாய் நாலும் சரியானால் ரப்பருக்கு வாருங்கள். பழைய சிலிக்கோனைச் சுரண்ட எனக்கு இரண்டு நாள் போனது; கத்தி போட்டால் பெயின்ட் போகும், காலாவதியான வங்கி அட்டைதான் உதவியது. ரப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் நசுங்கிய ரப்பர்கூட ஓரளவு உயிர் பெறும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். சன்ரூஃப் நகர்கிற பக்கத்துத் தண்டவாளங்களில் இறுகிப்போன பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள், மேலே மேலே பூசினால் மண் சேர்ந்து பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடையும். டபிள்யூடி 40 இறுகியதை இளக்க உதவும், ஆனால் அதையே கிரீஸாக நினைத்து விட்டுவிடக் கூடாது.

கண்ணாடி மட்டத்தையும் பாருங்கள். முன்விளிம்பு கூரைக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தோ, பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்கலாம். ஒரு நூறு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

அப்புறம், நனைந்த கார்பெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், தரைத் தகடு துருப்பிடிக்கும், சில கார்களில் கொம்பியூட்டர் பெட்டியே முன் சீட்டின் காலடியில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் நமக்கு வெயிலும் கிடைக்காது. நான் கார்பெட்டைத் தூக்கிக் கட்டிவிட்டு, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு கித்துல்கலை வரை இறங்கி ஏறினேன், இரண்டு தடவையில் நாற்றம் பாதி போனது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. மழையே இல்லாத குளிர் ராத்திரிக்குப் பிறகும் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது ஒழுகல் இல்லை, கார்பெட்டில் மிச்சமிருக்கிற ஈரம் ஆவியாகி மேலே குளிர்ந்து நிற்பது.

உங்களுக்குச் சொட்டுவது இடது பக்கமா வலது பக்கமா, வீட்டில் காரை ஏற்றம் பார்த்தா இறக்கம் பார்த்தா நிறுத்துகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், எந்தக் குழாயில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.