உதடில்லாதவன் பெயர் மும்பவனா?

கேள்வி: தேவனாம்பட்டினம் கடலுக்கு அடியில் வாழும் 'நுரையர்' என்ற கற்பனை இனத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். அவர்களுக்கு உதடு கிடையாது. குடும்பப் பெயரோடு நாற்பது பெயர்கள் வைத்துவிட்டேன்; அரசன் பெயர் மும்பவன். படித்த நண்பர்கள் ஒட்டவில்லை என்கிறார்கள். 6,000 ரூபாய்க்கு முழு மொழியே செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். மாதிரிப் பக்கம் இணைத்துள்ளேன். வாங்கலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: வாங்காதீர்கள். மாதிரியைப் பார்த்தேன். தண்ணீருக்கு 'க்ஸ்புஃப்ஸ்', மீனுக்கு 'க்ஜ்தி'. வாட்டர், ஃபிஷ் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கு அடுத்த எழுத்தைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் சீட்டு அனுப்பும் வித்தைக்கு ஆறாயிரமா? இந்த மொழி வியாபாரிகள் அகராதியில் எத்தனை சொல் என்று பெருமை பேசுவார்கள். பேசுகிறவனுக்கு வாய் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். எண்கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டுகிறவர்களும் இதே ரகம்தான்.

உங்கள் சிக்கல் வாயில்தான் இருக்கிறது. ப, ம இரண்டும் உதடுகள் சேர்ந்தால் பிறப்பவை. வ-வுக்கு மேல்பல் உதட்டில் பட வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ உதடு குவிந்தால்தான் வரும். தொல்காப்பியமே சொல்லிவிட்டது. கடைசி ன் தவிர மும்பவன் முழுக்க உதடு! கண்ணாடி முன் நின்று 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற 341-ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டாது. ஆனால் 'நோ'வில் லேசாகக் குவியும். நுரையர் அதை 'நேதல்' என்றுதான் சொல்வார்கள்.

ஒரு விலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். 'நுரையர்' என்பதையே அவர்களால் சொல்ல முடியாது. பரவாயில்லை, அது கரையிலிருக்கும் மீனவர்கள் வைத்த பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் வைக்கும் பெயர் அந்த இனத்தின் வாய்க்கு அடங்க வேண்டியதில்லை. கூடலூர்தான் வெள்ளைக்காரன் வாயில் கடலூர் ஆனது என்பார்களே, அதுபோல. அவர்களே நம் பெயரை எடுத்துக்கொண்டால் கதை வேறு. லட்சுமணனைத் தமிழ் இலக்குவன் ஆக்கிக்கொண்ட மாதிரி, முருகன் அங்கே போனால் 'நிரிகன்' ஆவான். வெளியார் வைத்தால் விதி தளரும், உள்ளே வந்தால் விதி பிடிக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

அப்புறம், எல்லோருக்கும் குடும்பப் பெயர் எதற்கு? நமக்கே பெரும்பாலும் கிடையாது. படிவத்தில் கட்டம் இருக்கிறதே என்று அப்பா பெயரைத் திணிக்கிறோம். என் பேத்தியை விமான டிக்கெட்டில் என் மருமகன் பெயரால் கூப்பிடுகிறார்கள். இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாதவன் போட்ட கட்டம்! புதுச்சேரியில் 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த தமிழர்கள் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் நுரையருக்கு என்ன காரணம்? தாத்தா பெயரைத் தாங்குவதால் நாம் பேரன் என்கிறோம். அப்படி ஒரு வழக்கம் யோசியுங்கள். இறந்தவர் பெயர் எத்தனை அலை கழித்துத் திரும்பும், யார் அதை முதலில் சொல்ல வேண்டும் என்று.

இப்போதைக்கு அந்த நாற்பதிலும் உதட்டெழுத்து வருவதையெல்லாம் சிவப்பு மையால் சுழியுங்கள். என் கணக்கில் ஆறு தேறும்.