பழகின மேக்கப்பை விட மனசு வரவில்லை

கேள்வி: 25 வருஷமாக ஒரே பிராண்டின் மேட் ஃபவுண்டேஷன், அதற்கு மேல் காம்பாக்ட். இப்போது வயது 52. போட்ட இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே கோடு விழுகிறது, கன்னத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. பிராண்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: பிராண்டை விட வேண்டாம், மேட்டை, அதாவது பளபளப்பே இல்லாத வகையை விடுங்கள். மேட் வகைகளில் சிலிக்கா, டால்க், கயோலின் களிமண் போன்றவை சேர்ப்பதே முகத்து எண்ணெயை உறிஞ்சத்தான். எண்ணெய் வழிந்த வயதில் அது கைகொடுத்தது. மாதவிடாய் நின்ற பிறகு எண்ணெய்ப் பசை குறைந்துவிடும். அப்போது அதே மாவு காய்ந்துபோய், சிரிக்கும் ஒவ்வொரு முறையும் மடிப்புக்குள் இறங்கிக்கொள்ளும்.

உங்கள் பிராண்டிலேயே சாட்டின் (லேசான மினுமினுப்புள்ளது) அல்லது ஈரப்பதம் தரும் வகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் பழைய ஷேட் நம்பரைச் சொல்லி அப்படியே வாங்கிவிடாதீர்கள். ஒரே பிராண்டிலும் வகைக்கு வகை நம்பரின் நிறம் மாறும். தாடை ஓரத்தில் தடவி, 20 நிமிடம் விட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காயக் காயக் கறுக்கும். கையில் தடவிப் பார்ப்பது வீண் வேலை.

போடும் முறையும் மாற வேண்டும். மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம், சன்ஸ்கிரீன் தடவிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு பட்டாணி அளவு ஃபவுண்டேஷனை முகத்தின் நடுவில் வைத்து, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வெளிப்புறம் கொண்டுபோங்கள். கண்ணுக்குக் கீழே தனியாக எதுவும் வேண்டாம், ஸ்பாஞ்சில் ஒட்டியிருப்பதே போதும். காம்பாக்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதோடு வரும் பஃபை மட்டும் ஒதுக்கிவிட்டு, சின்ன பிரஷ்ஷால் நெற்றி நடுவிலும் மூக்கின் இரு பக்கமும் தொட்டு எடுங்கள்.

தடவும்போது ரப்பர் தூள் மாதிரி உருண்டு வந்தால், பெரும்பாலும் கீழே உள்ள அடுக்கு இன்னும் படியவில்லை என்று அர்த்தம், அல்லது அளவு கூடிவிட்டது. தேய்த்தால் இன்னும் மோசமாகும்.

கேள்வி: அதே பெயர், அதே நம்பர் லிப்ஸ்டிக். டப்பா மட்டும் புதுசு. ஆனால் நிறம் வேறாகத் தெரிகிறது, உதட்டு ஓரத்தில் கசிகிறது. பழைய ஸ்டாக் கிடைத்தால் மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். லிப்ஸ்டிக்கில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால், திறக்காமல் வைத்திருந்தாலும் நாளானால் சிக்கு வாடை வரும், மேலே வியர்த்த மாதிரி எண்ணெய் முத்து கட்டும். டப்பாவில் மூடி திறந்த குப்பி படமும் அதற்குள் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் கணக்கு.

பழைய அட்டை இருந்தால் மூலப்பொருள் பட்டியலைப் புதியதோடு ஒப்பிடுங்கள். அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால். ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ளவற்றுக்கு மட்டும் வரிசை கிடையாது. முதல் ஐந்தாறு பெயர்கள் இடம் மாறியிருந்தால் கலவையை மாற்றிவிட்டார்கள். நிறமிகள் கடைசியில், சி.ஐ. (நிறமிகளுக்கான குறியீடு) 77491, அதாவது சிவப்பு இரும்பு ஆக்சைடு, என்பதுபோல எண்ணோடு இருக்கும்.

பட்டியல் அப்படியே இருந்தால் மாறியது உதடாகவும் இருக்கலாம். வயதாகும்போது உதட்டைச் சுற்றி நெடுக்காக வரும் மெல்லிய கோடுகள் வழியாகத்தான் லிப்ஸ்டிக் கசியும். உதட்டு நிறத்திலேயே ஒரு லைனரால் ஓரம் கட்டி, உள்பக்கமும் நிரப்பி, மேலே ஒரே பூச்சு. அதை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி எடுத்தால் போதும்.

கேள்வி: 15 வருஷம் ஒத்துக்கொண்ட காஜல் திடீரென்று இமையில் அரிப்பு தருகிறது. அப்படி வருமா?

பதில்: வரும். பல வருஷம் பழகிய பொருளுக்கும் ஒவ்வாமை புதிதாகத் தொடங்கலாம். வாசனைப் பொருளும் கெடாமல் காக்கச் சேர்ப்பவையும் அடிக்கடி சிக்கும் ஆசாமிகள். கண் மேக்கப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வீக்கம் இருந்தாலோ, அரிப்பு அடங்காவிட்டாலோ, டப்பாக்களை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள். நெயில் பாலிஷையும் மறக்காமல் கொண்டுபோங்கள். விரலில் ஒன்றும் செய்யாத பாலிஷ், கண்ணைத் தொடும்போது மெல்லிய இமைத் தோலில் அரிப்பைக் கிளப்பலாம். பழி காஜல் மேல் விழும்.